ஈரல் அழற்சி ‘பி’ உள்ள தாய் பாலூட்டலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. இரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி (ஈரல் அழற்சி ‘பி’) கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். எனக்குச் செங்கமாரி வந்ததேயில்லை. மாமி என் தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்கிறார். நாட்டு மருந்து குடிக்கவும் வற்புறுத்துகிறார்.

பதில்: அன்புச் சகோதரி, இந்தக் கிருமி பல்லாண்டுகள் எந்த அறிகுறியுமின்றி உடலில் தங்கியிருக்கக்கூடியது என்பதால், செங்கமாரி வராதது வியப்பன்று. இது இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் தொற்றுமேயன்றி, சோற்றாலோ தண்ணீராலோ தொற்றாது. மாரி வெள்ளம் கிணற்றில் கலக்கும்போது பரவுவன ஈரல் அழற்சியின் ‘ஏ’, ‘ஈ’ வகைகள். அவற்றுள் ‘ஈ’ வகை நிறைமாதக் கர்ப்பிணியின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், வீட்டில் எல்லோரும் கொதித்தாறிய நீரையே குடியுங்கள். உங்கள் தட்டை ஒதுக்கவேண்டிய தேவை எள்ளளவும் இல்லை.

நான் மிகவும் வலியுறுத்துவது பிரசவத்தையடுத்த மணித்தியாலங்களையே. பிறப்பின்போது தொற்றுக்குள்ளாகும் சிசுக்களில் ஏறத்தாழ 90 சதவீதமானோருக்கு அது நாட்பட்ட நோயாகிவிடுகிறது. ஆகவே இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் போடப்படும் தடுப்பூசியை மட்டும் நம்பியிருக்காமல், பிறந்து 24 மணித்தியாலத்துக்குள், இயன்றால் 12 மணித்தியாலத்துக்குள்ளேயே, ஒரு தொடையில் முதல் தடுப்பூசியும் மற்றத் தொடையில் கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் கிடைக்க வழிசெய்ய வேண்டும். இம்யூனோகுளோபுலின் எந்நேரமும் கைவசம் இருக்கும் மருந்தன்று. நீங்கள் பிரசவிக்கவிருக்கும் வைத்தியசாலையில் இப்போதே பேசி, கிளினிக் அட்டையின் முன்பக்கத்தில் தெளிவாகக் குறித்துத் தரும்படி குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். நள்ளிரவில் வலி எடுத்துப் போனாலும் கடமையிலிருப்பவரின் கண்ணில் அது பட வேண்டும்.

கிருமியின் அளவையும் வைத்திய நிபுணர் பார்ப்பார். மில்லிலீற்றருக்கு 200,000 அலகுகளைத் தாண்டினால், கர்ப்பத்தின் 28ஆம் வாரமளவில் கிருமியைக் கட்டுப்படுத்தும் டெனோபோவிர் மாத்திரையைத் தொடங்குவது வழக்கம். இந்தக் கிருமிக்காக மட்டும் சத்திரசிகிச்சைப் பிரசவம் தேவையில்லை. பிள்ளைக்குத் தாராளமாகப் பால் கொடுங்கள். கீழ்க்காய்நெல்லி முதலான மருந்துகளை வைத்தியரிடம் கேளாமல் குடிக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் ஈரலுக்கு மேலதிகச் சுமை வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் அழைத்துச் செல்லுங்கள்; வைத்தியரே சொன்னால் அவருடைய பயம் தணியும். கணவரும் பரிசோதனை செய்து, தொற்று இல்லையெனில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு ஒன்பது மாதம் நிறைந்தபின், ஒரு வயதுக்குள், இரத்தப் பரிசோதனை செய்து தொற்றின்மையை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.