மிதவை செய்யும் மகளுக்கு என்ன படிப்பு?

கடல் நீரோட்டத்தை அளக்க மலிவான மிதவை செய்கிறேன் என்று மகள் பொழுதெல்லாம் அதிலேயே கிடக்கிறாள், இதை நம்பி என்ன படிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் அவள் செய்வது விளையாட்டு இல்லை.

மிதவை மிதந்தால் மட்டும் போதாது. காற்று தள்ளுகிற பக்கம் ஓடாமல், தண்ணீர் போகிற வழியில் போக வேண்டும். அதற்காகத்தான் அடியில் ட்ரோக் என்கிற ஓட்டைகள் போட்ட நீளமான துணிக்குழாயைத் தொங்கவிடுகிறார்கள். உலகக் கடல்களில் எப்போதும் ஆயிரத்துக்கும் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஆய்வு மிதவைகளில் ட்ரோக்கின் நடுப்பகுதி 15 மீட்டர் ஆழத்தில் இருக்கும். தண்ணீர் மிதவையையும் கயிற்றையும் சேர்த்து இழுப்பதைப் போல சுமார் 40 மடங்கு ட்ரோக்கை இழுக்க வேண்டும். அப்போதுதான் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலும் மிதவை தண்ணீரின் ஓட்டத்தை விட்டு விலகுவது விநாடிக்கு 1 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். ட்ரோக் அறுந்தது தெரியாமல் போனதால் பல வருடத் தரவுகளைப் பிற்பாடு திருத்த வேண்டி வந்தது. ஒரு கயிற்று முடிச்சுக்கு இவ்வளவு பொறுப்பு!

மலிவாகச் செய்வது ஏன் முக்கியம்? சின்னச் சின்னச் சுழல்களைப் பிடிக்க ஒரே நேரத்தில் நிறைய மிதவைகள் வேண்டும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்த பிறகு, அது எப்படிப் பரவும் என்று அறிய ஆய்வாளர்கள் 2016-இல் அங்கே மக்கக்கூடிய மிதவைகளை ஆயிரம் அளவில் விட்டார்கள். எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று முடிவெடுக்கும் திறமைக்கு எந்தத் தொழிற்சாலையிலும் மதிப்பு உண்டு.

சரி, வேலைக்கு வருவோம். மிதவை மட்டுமே செய்யும் வேலைகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சர்க்யூட், ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் மோடம், தண்ணீர் புகாத உறை, தரவு அலசல் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன. அதனால் இளங்கலையிலேயே குறுகலான கடல் படிப்பு வேண்டாம் என்பேன். எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், இயற்பியல் இவற்றில் ஒன்றை எடுக்கட்டும். ஆர்வம் அப்போதும் குறையவில்லை என்றால் முதுகலையில் கடலியல். கணிதத்தை மட்டும் எந்த வழியிலும் விட முடியாது.

இப்போதைக்குக் கடல் வேண்டாம். பெரியவர் ஒருவர் கூட இருக்க, குளத்தில் கயிறு கட்டி விடட்டும். பக்கத்திலேயே ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் போடச் சொல்லுங்கள். பழத்தின் பெரும்பகுதி மூழ்கியே மிதக்கும், காற்று அதை அதிகம் தள்ளாது. மிதவை பழத்தை முந்திக்கொண்டு ஓடினால் காற்றிடம் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம், என்னென்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்று தேதி போட்டு எழுதி வைக்கட்டும். அடுத்த முறை வரும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். அவள் கை அதிகம் போவது சர்க்யூட்டிலா, உறையிலா, கணக்கிலா என்று பார்த்து மூவருமாக முடிவு செய்யலாம்.