நாணயச் சேகரிப்பில் இருப்பதையும், இன்னும் தேவையானதையும் எப்படிக் கணக்கு வைப்பது? எக்செலா, செயலியா, கொப்பியா?

கொப்பி. முதலில் கொப்பி, பிறகுதான் மற்றதெல்லாம்.

இப்படிச் சொன்னவுடன் "கிழடுக்குக் கணினி தெரியாது போல" என்று யாராவது எழுத வருவார்கள். எக்செலும் வைத்திருக்கிறேன், நுமிஸ்டா என்ற நாணயச் சேகரிப்பு இணையத்தளத்திலும் கணக்கு இருக்கிறது. இரண்டும் நல்லவைதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கைத் தீர்த்து வைத்தது கொப்பி. அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வந்தேன்.

நீங்கள் இப்போது ஒரு நெஸ்பிரே டின் நிறையக் குத்திக்காசைக் கொட்டி வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அம்மப்பா வைத்துப் போனதாக இருக்கும், இல்லாவிட்டால் வெளிநாட்டுச் சொந்தக்காரர் லீவில் வந்து மேசையில் விட்டுப் போன சில்லறையாக இருக்கும். முதல் வேலை, அதைப் புளி போட்டு மினுக்காமல் இருப்பது. குத்துவிளக்குக்குப் புளி சரி. செப்புக் காசுக்கு அது நஞ்சு. மினுக்கின காசு மினுக்கினதுதான், பழைய நிறம் திரும்ப வராது.

எங்கள் ஐயா தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். கவுண்டரில் பழைய காசு வந்தால் தன் பையிலிருந்து அதே பெறுமதியைப் போட்டுவிட்டு அதை எடுத்து வருவார். அப்படிச் சேர்ந்ததுதான் அடிப்படை. கொப்பியை நான் தொடங்கியது பள்ளிக்கூட நாட்களில், மோனிட்டர்ஸ் கொப்பி ஒன்றில். நிரல்கள் இவ்வளவும்தான்: எண், நாடு, பெறுமதி, ஆண்டு, உலோகம், நிலை, யார் தந்தது, என்ன கொடுத்து வாங்கினது. கடைசி இரண்டையும்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஆண்டும் உலோகமும் காசிலேயே இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் பார்த்து எழுதலாம். யார் தந்தது என்பதைக் காசு சொல்லாது. வீட்டுக்குள் மாற்றுப் பண்ணினால் தருகிறவர் தன் கையாலேயே அந்த வரியை எழுத வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டிருந்தேன். அப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

ஐயா காலமான பிறகு, நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணர் கனடாவிலிருந்து வந்தார். ஒருநாள் இரவு சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்து, "டேய், அந்தக் காசுப் பெட்டியை எடு பாப்பம். அதில பாதி என்ர எல்லோ" என்றார். அண்ணி, பிள்ளைகள், என் மனைவி எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பாயில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். கொப்பியை அண்ணி மடியில் கொடுத்தேன், அவர் வாசித்தார். ஐயா பொதுவாக வைத்துப் போனதென்று எழுதியிருந்தவை ஒரு பக்கம், நான் வாங்கினவை மற்றப் பக்கம். பொதுவானதில் பாதியை அண்ணர் எடுத்துக்கொண்டார். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

சிக்கல் வந்தது 1957 ஐந்து ரூபாயில். புத்த ஜயந்திக்கு, 2500 ஆண்டு நிறைவுக்கு அடித்த வெள்ளிக் காசு. கையில் வைத்தால் பாரம் தெரியும். "இது ஐயா எனக்கு ஓ.எல். பாசானதுக்குத் தந்தது" என்றார் அண்ணர். உண்மைதான். அதுவும் கொப்பியில் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அண்ணி அதைச் சத்தமாக வாசித்தார்: "தம்பிக்குக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டது: சைக்கிள் டைனமோ ஒன்று." அண்ணரின் கையெழுத்து, அவருடைய அந்த வளைந்த 'று'வோடு.

கரண்ட் இல்லாத 90களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு டைனமோவின் விலை தெரியும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றித்தான் பிபிசி தமிழோசை கேட்டோம். என்னுடைய டைனமோ நல்ல டைனமோ. அண்ணர் "நான் அப்பிடி எழுதேல்லை" என்று தொடங்கினார், பிறகு எழுத்தைப் பார்த்துவிட்டு "அந்த டைனமோ ஒரு மாசம்கூட வேலை செய்யேல்லை" என்று கதையை மாற்றினார். அண்ணி சிரித்த சிரிப்பில் வழக்கு முடிந்தது. காசு என்னிடம்தான் இருக்கிறது. இப்போதும் வட்ஸ்அப்பில் டைனமோப் படம் கண்டால் எனக்கு அனுப்புவார்.

அண்ணர் பேராசைக்காரர் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுக்க வேண்டாம். மறந்துவிட்டார், அவ்வளவுதான். 95 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நாங்கள் தென்மராட்சிக்கு நடந்தபோது அவர் இங்கே இல்லை. காசுப் பை அம்மாவின் மடியில், கொப்பி என் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு. இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது அந்தப் பழக்கத்தில் வந்தது. இன்றைக்கென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வேறொருவருக்கு அனுப்பி வையுங்கள்.

இனித் தேவைப் பட்டியல். அதை வரிவரியாக எழுதாதீர்கள், கட்டம் போடுங்கள். ஆனால் கட்டம் போடுமுன் எந்த ஆண்டுகளில் காசு அடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் சிலோன் இரண்டு சதத்தை எடுங்கள், பூ விளிம்பு வைத்தது. அரச தலையோடு வந்தது 1944, 1951, 1955, 1957 மட்டும்தான். முதல் இரண்டில் ஆறாம் ஜோர்ஜ், பின் இரண்டில் எலிசபெத். சிலோனில் புழங்கின காசுகளில் எலிசபெத்தின் தலை இருப்பது இந்த இரண்டு சதத்தில்தான். 1944இலிருந்து 1957 வரை வருடத்துக்கு ஒரு கட்டம் போட்டவர் 1945ஐத் தேடிக்கொண்டே இருப்பார். இல்லாத ஆண்டுக்குக் கோடு கிழித்துவிடுங்கள். நாணயப் பட்டியல்களில் வரும் கே.எம். எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். வெளிநாட்டுக்காரரோடு மாற்றுப் பண்ணும்போது அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

இருந்தால் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. இருந்தும் தேய்ந்து போயிருந்தால் வட்டம், அதாவது இதைவிட நல்லது கிடைத்தால் வேண்டும். மேலதிகமாக இருந்தால் பெருக்கல் குறி, அது மாற்றுக்கு.

உலோக நிரலைச் சும்மா போடச் சொல்லவில்லை. ஐம்பது சதம் 1917 என்றால் ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி, 1919 என்றால் 550 பங்குதான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. நகைக்கடைகள் இருக்கிற கன்னாதிட்டிப் பக்கம் நிறுத்து விற்க வருபவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒல்லாந்தர் செப்புக் காசுக்கு இன்னும் ஒரு நிரல் வேண்டும், அதை அடித்த நெதர்லாந்து மாகாணம். ஒரு பக்கம் விஓசி என்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி முத்திரையும் ஆண்டும், மறுபக்கம் மாகாணச் சின்னம். ஒற்றைச் சிங்கம் என்றால் ஹொலண்ட், அலையிலிருந்து எழும்பும் சிங்கம் என்றால் சீலாந்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சிங்கம் என்றால் மேற்கு ஃபிரீஸ்லாந்து. தோட்டம் கொத்தும்போது வருகிற காசில் அலை தேய்ந்து, சிங்கத்தின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. வெயிலில் சரித்துப் பிடித்தால் தெரியும்.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசு என்று யாராவது மண்ணோடு கொண்டுவந்தால் நான் வாங்குவதில்லை. படுத்த நந்தியும் கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்தும் பார்க்க ஆசைதான். ஆனால் இங்கே தொல்பொருட் சட்டம் 1940இலிருந்தே இருக்கிறது. நான் பயந்தாங்கொள்ளி என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தேவைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் உச்ச விலை எழுதி வையுங்கள், அந்தப் பட்டியலை விற்பவருக்குக் காட்டாதீர்கள். காட்டினால் அடுத்த கிழமையே அந்தக் காசு "மிக அரியது" ஆகிவிடும். பேஸ்புக்கில் 1963 ஒரு சத அலுமினியத்தைக்கூட அரியது என்று போடுகிறார்கள்.

அரியது என்றவுடன் ஞாபகம் வருகிறது. இப்போது சில்லறையே அரியதாகிவிட்டது. பெரிய கடைகளில் மிச்சக் காசுக்கு ரொபி தருகிறார்கள். இரண்டு ரூபாய்க்கு இரண்டு ரொபி. நான் அதே ரொபியை அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தால் எடுப்பார்களா? ஒருமுறை கேட்டேன், அந்தப் பிள்ளை மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டது. எனக்கு நீரிழிவு வேறு. 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக 2013 ஆண்டு போட்டு வந்த பத்து ரூபாய்க் காசுகளை நான் சில்லறையில் பொறுக்கித்தான் சேர்த்தேன். யாழ்ப்பாண மாவட்டக் காசு கடைசி வரை யாழ்ப்பாணத்தில் கைக்கு வரவில்லை, கொழும்புக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுத் தம்பி கொண்டுவந்து தந்தான். ரொபி வாங்கிக்கொண்டிருந்தால் இதெல்லாம் சேருமா?

எக்செலுக்கு வருகிறேன். கொப்பியில் உள்ள அதே எண்ணை அதிலும் போடுங்கள், காசு வைத்த அட்டையிலும் எழுதுங்கள். காசை உள்ளே வைக்குமுன் எழுத வேண்டும், பிறகு எழுதினால் பேனை அழுத்தம் காசில் படும். மலிவான பிவிசி உறை வேண்டாம், எங்கள் உப்புக் காற்றுக்கும் வெக்கைக்கும் பச்சைப் பிசினாக வரும். செயலி எது நல்லது என்றால், உங்கள் பட்டியலை வெளியே கோப்பாக எடுக்க விடுகிற எதுவும் சரி.

என் கட்டத்தில் இப்போது கண்ணை உறுத்துவது 1870 ஐந்து சதம், பெரிய செப்புக் காசு. என்னிடம் இருப்பது மொட்டையாகத் தேய்ந்தது, வட்டத்தில்தான் நிற்கிறது. உங்கள் டின்னில் நல்லதாக இரண்டு இருந்தால் எழுதுங்கள். மாற்றுக்கு 1944 இரண்டு சதம் தாராளமாக இருக்கிறது. உச்ச விலையை மட்டும் கேட்காதீர்கள்.