எதிராளியின் இன்சூரன்ஸ் போதவில்லை என்றால்: அமெரிக்கக் கார் விபத்துகள், கேள்வி பதில்

கேள்வி (கலிபோர்னியா): சாலையைக் கடந்த என் மனைவியைக் கார் இடித்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி பில் 1,80,000 டாலர். இடித்தவரின் பாலிசி 30,000 தான். அதை முழுதாகத் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார் அட்ஜஸ்டர் (அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள்). போடலாமா?

பதில்: இன்று போடாதீர்கள். அவர் நீட்டுவது ரிலீஸ் பத்திரம். போட்டால் இடித்தவர் மேல் உங்களுக்குள்ள உரிமை அந்த 30,000-உடன் முடிந்தது. இடித்தவருக்கு அம்பரல்லா பாலிசி (கார் பாலிசிக்கு மேல் கூடுதலாகத் தரும் பாலிசி) இருக்கிறதா, அந்த நேரத்தில் முதலாளி வேலையாகப் போனாரா, சொத்து என்ன என்று சத்தியப் பிரமாணமாக எழுதி வாங்கிய பிறகுதான் பேச்சு.

அப்புறம் உங்கள் சொந்த கார் பாலிசியின் முதல் பக்கத்தை எடுங்கள். 'அண்டர்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்' (எதிராளியின் பாலிசி போதாதபோது உங்கள் கம்பெனியே தருவது) என்ற வரிக்கு எதிரே 1,00,000/3,00,000 என்பதுபோல இருக்கும். முதல் எண் ஒருவருக்கு, அடுத்தது அந்த விபத்தில் காயப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து. மனைவி நடந்துதானே போனார் என்று விட்டுவிடாதீர்கள்; நடந்து போனாலும் இந்த கவரேஜ் உண்டு. கலிபோர்னியாவில் எதிராளி தந்ததைக் கழித்துக்கொள்வார்கள்: 1,00,000-இல் 30,000 போக 70,000 வரை. உங்களுடையதும் 30,000 என்றால் ஒன்றும் வராது.

ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனி, ஆஸ்பத்திரிக்குத் தான் கட்டிய தொகையை உங்களுக்கு வரும் பணத்திலிருந்து திருப்பிக் கேட்கும். அதைப் பேசிக் குறைக்கலாம். கையில் நிற்கும் பணம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

கேள்வி (டெக்சாஸ்): இடித்தவர் பீட்சா டெலிவரி செய்துகொண்டிருந்தார்.

பதில்: கடையின் சம்பள ஊழியர் என்றால் கடையும் பொறுப்பு. செயலி வழி ஓட்டுபவர் என்றால் அந்த நிறுவனத்தின் பாலிசியைத் தேடுங்கள். டெலிவரி நேரத்துக்குச் சொந்த பாலிசி பல சமயம் கைவிரிக்கும்.

கேள்வி: லாரி இடித்தது. அதற்கும் 30,000 தானா?

பதில்: இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் கூலிக்குச் சரக்கு ஏற்றும் பெரிய லாரிக்குக் கூட்டாட்சி விதிப்படி குறைந்தது 7,50,000 டாலர். லாரியின் மின்னணுப் பதிவுகளை அழிக்கக் கூடாது என்று இந்த வாரமே வக்கீல் மூலம் கடிதம் போகட்டும்.

கேள்வி: செக் வந்திருக்கிறது, கூடவே ஒரு பத்திரமும்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கையெழுத்து வேண்டாம்.

கேள்வி (நியூயார்க்): ஓட்டியவன் கல்லூரிப் பையன். கார் அவன் மாமாவுடையது. மாமாவைக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். நியூயார்க்கில் உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டியிருந்தால் அவரும் பொறுப்பு. பையனுக்குத் தனியாக பாலிசி இருக்கிறதா என்றும் பாருங்கள். காருக்கு ஒன்று, ஓட்டியவருக்கு ஒன்று என்று இரண்டு கிடைக்கலாம்.

கேள்வி (டெக்சாஸ்): அப்படியென்றால் எங்களை இடித்த காரின் உரிமையாளரும் மாட்டுவார்தானே? காரைக் கொடுத்தவர் அவர்தானே!

பதில்: டெக்சாஸில் கொடுத்தது மட்டும் போதாது. குடித்திருக்கிறார், லைசென்ஸ் இல்லை, தாறுமாறாக ஓட்டுபவர் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): இது அநியாயம். வாடகைக் கார் கம்பெனியாவது தருமா?

பதில்: வாடகைக்கு விட்டது என்பதற்காக மட்டும் அவர்களைப் பிடிக்க முடியாது, 2005-இலிருந்து கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. நியூயார்க்கிலும் அப்படித்தான். அவர்கள் பராமரிப்பில் தவறு இருந்தால் அது வேறு கதை.

கேள்வி (வேறொருவர்): உதவிக்குக் காரைக் கொடுத்த மாமாவைக் கோர்ட்டுக்கு இழுக்கச் சொல்கிறீர்களே, நியாயமா?

பதில்: நியாயம்தான். ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாமல் படுத்திருப்பவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அந்தச் செலவை யாராவது சுமந்தாக வேண்டும். மாமாவுக்கு பாலிசி இருக்கிறது, அது இதற்காகத்தான். பெரும்பாலும் பணம் தருவது அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி. இடிபட்டவரின் குடும்பம் கடனில் மூழ்குவதை மட்டும் யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. அது எனக்குக் கோபம் தருகிறது.

கேள்வி: என் சொந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கும் முன்பே எதிராளியோடு செட்டில் செய்யலாமா?

பதில்: வேண்டாம். பல மாநிலங்களில், சம்மதம் வாங்காமல் செட்டில் செய்தால் உங்கள் கம்பெனி பணம் தர மறுக்கலாம். எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ரிலீஸ் பத்திரம்...

பதில்: வேண்டாம்.

கேள்வி (கலிபோர்னியா): நகராட்சி வண்டி இடித்தது. இரண்டு வருடம் இருக்கிறதே?

பதில்: அது தனியார் மேல் வழக்குப் போட. அரசு வண்டி என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலக் கோரிக்கை கொடுக்க வேண்டும். இன்றே வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: குடித்துவிட்டு இடித்தவர், திவால் போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறார்.

பதில்: போடட்டும். போதையில் ஓட்டி ஒருவரைக் காயப்படுத்திய கடன் தனிநபர் திவாலில் கரையாது. தீர்ப்பை வாங்கி வையுங்கள். காலாவதியாகும் முன் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். இன்று ஒன்றும் இல்லாதவருக்கு நாளை சொத்து வரலாம்.