கேரள எல்லைத் தமிழ்வழிப் பள்ளியில் ஐ.இ.பி. எழுதும் சிறப்பாசிரியர் சட்டப்படி எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேட்டவர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் சிறப்பாசிரியர். பி.ஆர்.சி. எனும் வட்டார வள மையத்தில் கொடுக்கும் ஐ.இ.பி. (ஒரு மாற்றுத்திறன் மாணவருக்கென்று எழுதும் தனிநபர் கல்வித் திட்டம்) படிவத்தை நிரப்பிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் சட்டக் கடமை முடிந்துவிடும் என்று உடன் பணியாற்றுவோர் சொல்வதாகவும், அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறார்.

சரியல்ல. இதே எல்லைப் பகுதியில் இதே பணியைச் செய்து வருபவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஐ.இ.பி. வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கு உரியவை. அங்கு 1975ஆம் ஆண்டுச் சட்டமே ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவருக்கும் தனித் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று பெயர் சொல்லி விதித்தது. நம்முடைய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கல்வி அத்தியாயத்தில் அப்படியொரு ஆவணம் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை. ஆனால் அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களின் கடமைகளாக 16ஆம் பிரிவு சொல்பவற்றைப் படித்துப் பாருங்கள்: ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற வசதிகளைச் செய்து தருவது, எல்லாக் குழந்தைகளோடும் சேர்ந்து கற்கும் முழு உள்ளடக்கம் என்ற இலக்கோடு தனிப்பட்ட ஆதரவு அளிப்பது, கற்றல் குறைபாட்டை மிக விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் முறையைக் கையாள்வது, ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது. இவற்றைச் செய்ததற்கு ஒரு பள்ளியிடம் வேறு என்ன சான்று இருக்க முடியும்? நீங்கள் எழுதும் திட்டம்தான் அந்தச் சான்று. படிவத்தின் கட்டங்களை மறந்துவிட்டு, இந்தக் கடமைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறதா என்றுதான் அதைப் பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருப்பது இங்கு பரவலான வழக்கம். குறைபாடு குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற அளவுகோல் 31ஆம் பிரிவின் இலவசக் கல்வி போன்ற குறிப்பிட்ட உரிமைகளுக்கு உரியது. 16ஆம் பிரிவின் கடமைகளுக்கு அந்த அளவுகோல் விதிக்கப்படவில்லை. ஆகவே மருத்துவக் குழுவின் முன் இன்னும் போகாத குழந்தைக்கும் இன்றே திட்டம் எழுதலாம், எழுதவும் வேண்டும். தேர்வுச் சலுகைகளுக்குச் சான்றிதழ் கட்டாயம் தேவைப்படும் என்பதால் அந்த வேலையை ஒருபுறம் தொடங்கிவிடுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பங்களிடம் தமிழ்நாட்டில் பெற்ற சான்றிதழ் இருந்தால், இங்கு செல்லாது என்று யாராவது திருப்பி அனுப்ப முயலக்கூடும். சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். இதைத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் காட்டுங்கள்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். நம் பகுதியில் ஐ.இ.பி. சட்டத்திலிருந்து விலகும் இடம் பெரும்பாலும் மொழிதான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று நீளும் இந்த ஊர்களில் வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தை, மலையாளத்தில் அமைந்த ஒரு மதிப்பீட்டுக்கு உட்கார வைக்கப்படுகிறது. கட்டளையே புரியாமல் அது மௌனமாக இருந்தால், அந்த மௌனம் அறிவுத்திறன் குறைவாகப் பதிவாகிறது. அந்தப் பதிவு பள்ளி வாழ்க்கை முழுவதும் குழந்தையின் பின்னாலேயே வருகிறது. இதைக் காணும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. குழந்தையின் நிலையை எழுதும் பகுதியில், எந்த மொழியில், யார், எந்தக் கருவியைக் கொண்டு மதிப்பிட்டார்கள் என்பதை முதல் வரியாக எழுதுங்கள். தமிழில் மதிப்பிடப்படவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதி, தமிழில் மறுமதிப்பீடு தேவை என்று திட்டத்திலேயே கோருங்கள். பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவும் சொல்கிறது. உங்கள் கோரிக்கை இந்த இரண்டின் மேல் நிற்கிறது.

பெற்றோரின் கையெழுத்துக்கும் இதுவே பொருந்தும். முதலமடையில் மாந்தோப்பு வேலைக்குப் போகும் ஒரு தாயிடம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ நிரப்பிய தாளை நீட்டி வாங்கிய கையெழுத்தை ஒப்புதல் என்று நான் கருதுவதில்லை. திட்டத்தின் இலக்குகளும் அவர் ஒப்புக்கொள்ளும் வசதிகளும் தமிழில் எழுதப்பட வேண்டும். எழுத்தறியாதவராக இருந்தால் படித்துக் காட்டிவிட்டு, படித்துக் காட்டியவரின் பெயரையும் நாளையும் குறிக்க வேண்டும். ஒரு படி அவர் கையில் தரப்பட வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தவும் தமிழிலேயே பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969லேயே வழி செய்திருக்கிறது. அப்படியிருக்க, தமிழில் ஐ.இ.பி. கேட்பதைச் சலுகை கேட்பதாக யாரும் எண்ணத் தேவையில்லை. கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்துவிட்டுப் பெற்றோர் ஒத்துழைப்பதில்லை என்று குறிப்பெழுதுவதும் நியாயமாகாது. ஒரு நாள் கூலியை இழந்துதான் அவர்கள் அந்த நேரத்தில் வர முடியும்.

மொழி தொடர்பாக இன்னொன்று. இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் பெயரிட்டே சொல்லப்பட்டுள்ளன. தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று பல எழுத்துகளோடு போராடும் கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்கு இவை மிகப் பெரிய நிவாரணம். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது திடீரென்று கேட்டால் கிடைப்பது கடினம். வகுப்புத் தேர்வுகளிலேயே அந்த வசதியைக் கொடுத்துப் பழக்கி, அதன் பயனை ஆண்டுதோறும் திட்டத்தில் பதிவு செய்துவந்தால் விண்ணப்பம் வலுவாக இருக்கும். மலையாள விலக்கு கேட்குமுன் குடும்பத்தோடு கலந்து பேசுங்கள். இதே மாநிலத்தில் வேலை தேடப் போகும் பிள்ளைக்குப் பேச்சு மலையாளமாவது வேண்டும் என்று பெற்றோர் விரும்பலாம். அந்த விருப்பத்தையும் எழுதுங்கள்.

எழுதும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயின் பெயரை முடிவு செய்வது நம் வேலையல்ல. "கவனக் குறைபாடு உள்ளவன்" என்று எழுதாமல், "ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே செயலில் ஈடுபடுவதில்லை, படங்களைக் கொண்டு விளக்கினால் பத்து நிமிடம் வரை ஈடுபடுகிறான்" என்று கண்டதை எழுதுங்கள். "வாசிப்புத் திறன் மேம்படும்" என்ற இலக்கை யாராலும் சரிபார்க்க முடியாது. "டிசம்பர் இறுதிக்குள், முன்பு பார்க்காத நான்கு வரித் தமிழ்ப் பத்தியை உதவியின்றி வாசிப்பாள்" என்றால் கண்காணிப்புக் கடமைக்கு அது பதிலாகும். சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் தந்த பதிவெண்ணைக் கையெழுத்தின் கீழ் எழுதிப் பதிவைப் புதுப்பித்து வைத்திருங்கள். பதிவின்றி இப்பணியைச் செய்வது அந்தக் கவுன்சிலுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. குழந்தையின் சான்றிதழையோ யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையோ படமெடுத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பதினெட்டு வயது நிறைந்த பிளஸ் டூ மாணவர் தம் திட்டத்தில் தாமே கையெழுத்திடட்டும்.

வீட்டுவழிக் கல்வி பற்றியும் ஒரு சொல். பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தை அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமை வழங்கியது. தேர்வு குடும்பத்துடையது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இல்லை என்பதற்காகப் பள்ளியே படிவத்தில் வீட்டுவழிக் கல்விக்கான கட்டத்தில் குறியிட முடியாது.

கடைசியாக, இருப்பதை வைத்துத் தேவையை எழுதும் பழக்கம். பேச்சுப் பயிற்சியாளர் மாதம் ஒருமுறைதான் வருகிறார் என்பதற்காகக் குழந்தைக்கு மாதம் ஒருமுறை பயிற்சி தேவை என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதிய அன்றே சேவையின் பற்றாக்குறை கோப்பிலிருந்து மறைந்துவிடுகிறது. வாரம் இருமுறை தேவை என்றால் அவ்வாறே எழுதுங்கள். கிடைப்பது எவ்வளவு என்பதைத் தனி வரியில் குறித்து, நாளிட்டு, தலைமையாசிரியர் வழியாக பி.ஆர்.சி.க்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு படியைக் கோப்பில் வையுங்கள். பெற்றோர் பின்னாளில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போனால், உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களோடு விசாரிக்கும் அவர் முன் வைக்க அந்தத் தாள் அவர்களிடம் இருக்கும்.