சில்வர் ஓக் மரத்துக்கு கார்பன் பணம் வருமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறேன். நிழலுக்காக அப்பா காலத்தில் நட்ட சில்வர் ஓக் இருநூறு நிற்கிறது. ஒருவர் வந்து, "பாரிஸ் ஒப்பந்தப்படி வெளிநாட்டுக் கம்பெனிகள் உங்கள் மரங்களுக்குப் பணம் தந்தே ஆகவேண்டும்" என்கிறார். 30 வருட அக்ரிமென்ட். பதிவுச் செலவுக்கு முன்பணமும் கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் இப்போதைக்கு வேண்டாம். அவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

"தந்தே ஆகவேண்டும்" என்பது முதல் தவறு. பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த 2015-இல் பாரிஸில் ஏற்கப்பட்ட உடன்பாடு நாடுகளுக்கு இடையிலானது. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே அறிவிக்கிறது. 2030-க்குள் காடு, மரங்கள் மூலம் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாக ஈர்த்து வைப்போம் என்பது இந்தியா சொன்ன வாக்கு. எந்தக் கம்பெனியும் உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று அந்த உடன்பாடு சொல்லவில்லை. கார்பன் கிரெடிட் என்பது கரியமில வாயுவைக் குறைத்ததற்கோ ஈர்த்ததற்கோ தரப்படும், விற்கக்கூடிய சான்று. அதை இந்த உடன்பாட்டின்படி வேறொரு நாட்டின் கணக்குக்கு விற்க நம் அரசின் அனுமதி வேண்டும். ஒரே டன்னை இரண்டு நாடுகள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது அல்லவா? அப்படி விற்கத் தகுதியான வேலைகள் என்று 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் மரம் நடுவது இல்லை. ஆகவே அவர் பேசுவது, கம்பெனிகள் தாமாக விரும்பி வாங்கும் தனியார் சந்தையைப் பற்றித்தான். அதில் உண்மையான திட்டங்களும் உண்டு. ஆனால் கட்டாயம் யாருக்கும் இல்லை.

இரண்டாவது தவறு, "உங்கள் மரங்களுக்கு". 1997-இல், பாரிஸுக்கு முந்தைய பருவநிலை உடன்பாடான கியோட்டோ ஒப்பந்தம் கிரெடிட் முறையைக் கொண்டுவந்தபோதே ஒரு கேள்வி வைத்தார்கள்: இந்தப் பணம் வராவிட்டாலும் இது நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் கிரெடிட் இல்லை. உங்கள் அப்பா நட்ட மரம் ஏற்கெனவே நிற்கிறது. "வெட்டாமல் விடுகிறேன், அதற்குப் பணம்" என்பதும் நிற்காது. மலைப்பகுதியில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவே 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டியிருக்கிறதே.

புதிதாக நட்டால்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். அதை 3.67-ஆல் பெருக்கினால் கரியமில வாயு. ஒரு மரம் வளர்ந்து 100 கிலோ உலர் எடை சேர்த்தால், அது 183 கிலோ வாயு. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன். அப்படியானால் நூறு மரம் அந்த அளவுக்கு வளர்ந்தபின் மொத்தம் 18 கிரெடிட். அதிலிருந்துதான் அளப்பவர், சரிபார்ப்பவர், இடையில் நிற்பவர் எல்லோருக்கும் போக வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரருக்குத் தனியாக இது கட்டாது. நூற்றுக்கணக்கான விவசாயிகள் சேர்ந்தால்தான் ஏதாவது மிஞ்சும்.

முப்பது வருடம் என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பசுந்தேயிலை விலை விழுந்த வருடத்தில் சிறு விவசாயிக்கு, அனுமதி வாங்கி வெட்டி விற்கக் கைகொடுப்பது அந்த சில்வர் ஓக்தான். மரம் தீயில் போகலாம், காற்றில் சாயலாம் என்பதால் கியோட்டோ முறையிலேயே மரத்துக்குத் தற்காலிக கிரெடிட் மட்டும்தான் கொடுத்தார்கள். அந்த ஆபத்தை இப்போது உங்கள் தலையில் வைக்கிறார்களா என்று பாருங்கள்.

புல்வெளியில் சீகையோ (வாட்டில்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) நடலாம் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். நம் மலைப் புல்வெளியின் கார்பன் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. சீகை பரவிப் புல்வெளி அழிந்ததை நீலகிரியிலும் பழனி மலையிலும் கண்ணால் பார்க்கிறோம்.

அவர் மறுபடி வந்தால் திட்டத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கார்பன் திட்டங்களைப் பதிவு செய்யும் வெர்ரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் போன்ற அமைப்புகளின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்க முடியும். ஒரு டன்னுக்கு உங்கள் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அக்ரிமென்ட்டின் தமிழ்ப் பிரதி கைக்கு வந்ததும், மரம் சாய்ந்தால் நஷ்டம் யாருக்கு என்ற பிரிவை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து முதலில் படியுங்கள்.