டபுள் மார்க்கர் ரிப்போர்ட்: கேட்டதும் சொன்னதும்

முத்தியால்பேட்டையிலிருந்து: அக்கா, 12ஆவது வாரம். பாப்-ஏ 0.36 மாம் என்று வந்திருக்கிறது. மாமியார் காலையிலிருந்து அழுகிறார்.

முதலில் அத்தையைக் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டபுள் மார்க்கர் என்பது குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற பிறவிக் குறை இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் இரத்தச் சோதனை. அதில் பார்க்கும் பாப்-ஏ நஞ்சுக்கொடி சுரக்கும் புரதம். 1 மாம் என்றால் அதே வாரத்துக் கர்ப்பிணிகளின் நடு அளவு. உங்களுடையது அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். குறைவுதான். டவுன் சிண்ட்ரோம் கர்ப்பங்களில் இது சராசரியாகப் பாதியாகக் குறையும், அதே சோதனையில் பார்க்கும் ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் இரு மடங்காகும். ஆனால் ஓர் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. இரண்டையும் என்.டி. ஸ்கேன் (குழந்தையின் பின்கழுத்தில் தேங்கும் நீரை அளப்பது), உங்கள் வயதோடு சேர்த்து '1000இல் 1' என்பதுபோல ஒரு கணக்கு வரும். அந்த வரியைத் தேடுங்கள்.

அப்புறம், படிவத்தில் எடை சரியாக இருக்கிறதா? நான் லேபில் இருந்தபோது 85 கிலோ 58 ஆகப் பதிவாகி வந்தது. உடம்பு பெருத்தவர்களுக்கு இரத்தம் அதிகம், புரதம் நீர்த்துத் தெரியும். எடையைத் திருத்தியதும் மாம் ஏறிவிட்டது. வாரம் தப்பினாலும் இதே கதைதான்.

குழந்தைக்குக் குறை இல்லை என்று தெரிந்த பிறகும் பாப்-ஏ குறைவை மறந்துவிடாதீர்கள். நஞ்சுக்கொடி சரியாக வேரூன்றவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். பி.பி., வளர்ச்சி ஸ்கேன் இரண்டையும் தவறவிடாதீர்கள். 16 வாரத்துக்குள் ஆஸ்பிரின் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம்.

பண்ருட்டியிலிருந்து: பலாச்சுளை சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுத்தேன். தப்பா?

தப்பில்லை, வெறும் வயிறு தேவையே இல்லை. பண்ருட்டியில் இருந்துகொண்டு பலாவை எப்படி விடுவது! முடிக்காக பயோட்டின் மாத்திரை போட்டால் மட்டும் லேபில் சொல்லுங்கள், சில கருவிகளைக் குழப்பும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: கர்ப்பகால இரத்தச் சோதனையில் பார்க்கும் ஏ.எஃப்.பி. என்ற புரதம்கூட நஞ்சுக்கொடியில் வருவதா?

இல்லை. அது பெரும்பாலும் குழந்தையின் கல்லீரலில் உண்டாகிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து: மேடம், மனைவிக்கு 33 வாரம், பி.பி. 140/90. எஸ்-ஃபிளிட், பி.எல்.ஜி.எஃப். விகிதம் பார்க்கச் சொன்னார்கள்.

இரண்டும் இரத்தத்தில் அளக்கும் புரதங்கள். பி.எல்.ஜி.எஃப். இரத்தக் குழாய்களை வளர்க்கும். எஸ்-ஃபிளிட் அதைப் பிடித்து முடக்கும். நஞ்சுக்கொடி திணறும்போது எஸ்-ஃபிளிட் அதிகமாகும், விகிதமும் ஏறும். விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடுத்த ஒரு வாரத்துக்குள் ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பத்தில் பி.பி. ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அதுவும் ஒரு வாரத்துக்குத்தான், பிரசவம் வரைக்கும் இல்லை. இதற்கிடையில் விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி என்று எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஆட்டோ பிடித்துக் கிளம்புங்கள்.