போர்வெல் வேண்டாம், பானை வாங்குங்கள்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். கடற்கரை எட்டு கிலோமீட்டர். 80 குடும்பம் உள்ள சபை. சபைக்குச் சொந்தமான ஒரு ஏக்கர் செம்மணல் நிலத்தில் புரட்டாசியில் பி.கே.எம். 1 ரக முருங்கை 640 குழி வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. மாசியிலேயே கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான். இலை பழுத்துக் கொட்டுகிறது, பூவும் உதிர்கிறது. முதல் காயை ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்குக் கொடுக்க ஆசைப்பட்டோம். கடைக்காரர் வேரில் போட ஜெல்லும், பூ உதிராமலிருக்க டானிக்கும் தருகிறேன் என்கிறார். கமிட்டியில் பாதிப்பேர் 500 அடி போர் போடச் சொல்கிறார்கள். பெரியவர்கள் உபவாச ஜெபம் வைத்துக் காத்திருப்போம் என்கிறார்கள். எந்த டானிக் நல்லது?

பதில்: தம்பி, டானிக் எதுவும் வேண்டாம். தண்ணீர் இல்லாதபோது முருங்கை தானே இலையை உதிர்த்து, இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அது நோயில்லை. பூ உதிர்வதும் அப்படித்தான், தாங்க முடியாத சுமையை மரம் இறக்கி வைக்கிறது. அந்த நேரத்தில் மருந்தடித்துப் பூவை நிறுத்தப் பார்த்தால் மரம்தான் போகும். மூன்று அடி உயரத்தில் எல்லா மரத்தையும் வெட்டிவிடுங்கள். முதல் காய் போகிறதே என்று மனம் வலிக்கும், எனக்குத் தெரியும். வெட்டும்போது கிடைக்கிற நல்ல கீரையை ஆராதனைக்குக் கொண்டுபோய்ப் படைத்து ஏலம் விடுங்கள். அந்த நிலத்தின் முதற்பலன் அதுதான்.

ஜெல் விஷயம். நல்ல தண்ணீரில் அது தன் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் உப்புத் தண்ணீரில் அது வீங்குவது வெகுவாகக் குறைந்துவிடும். உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் ருசி கடைக்காரருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே விற்கிறவரிடம் மண்வெட்டிகூட வாங்காதீர்கள்.

போர் போட வேண்டாம் என்று கமிட்டியில் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஆழத்திலிருந்து இழுக்க இழுக்க, நல்ல நீர் விட்ட இடத்தை உப்பு நீர் பிடித்துக்கொள்ளும். திருச்செந்தூர், உடன்குடி பக்கம் எத்தனை தென்னந்தோப்பு அப்படிக் கருகியது என்று போய்ப் பாருங்கள். பிறகு உங்கள் போர் மட்டுமா கெடும்? கோயில் தெருக்காரர் கிணறும், பள்ளிவாசல் பக்கத்துக் கிணறும் சேர்ந்து கெடும். சபையின் பணம் அண்டை வீட்டார் கிணற்றை உப்பாக்கக் கூடாது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் காட்டுகிறவருக்கும் போர் வண்டிக்காரருக்கும், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கூலி உண்டு. வேதத்தில் ஈசாக்கு கேராரில் முதலில் என்ன செய்தான்? தகப்பன் காலத்தில் வெட்டித் தூர்ந்துபோன கிணறுகளைத் திரும்பத் தோண்டினான். நீங்களும் இருக்கிற கிணற்றில் தூர் எடுங்கள், ஊற்றுக்கண்ணைச் சுத்தம் பண்ணுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருந்தால் அதைப் பாய்ச்சவே யோசிக்க வேண்டும்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். இருக்கிற தண்ணீரில் எத்தனை மரத்தை உயிரோடு வைக்கலாம்? 640-ஐயும் வைக்கலாம், பாத்தி கட்டிப் பாய்ச்சுவதை இன்றோடு நிறுத்தினால். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்த ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். செம்மணலில் அதில் பெரும்பகுதி வேருக்குக் கீழே போய்விடும், மிச்சத்தை வெயில் குடிக்கும். மரத்துக்கு ஒரு 5 லிட்டர் மண்பானை புதைத்து வாரம் இரண்டு தடவை நிரப்பினால் மொத்தம் 6,400 லிட்டர். ஒரு தடவை பாய்ச்சுகிற தண்ணீரில் ஏறக்குறைய நான்கு மாதம் ஓட்டலாம். இது காய்ப்புக்கான தண்ணீர் இல்லை, உயிரைப் பிடித்து வைக்கிற தண்ணீர். வெட்டிவிட்ட மரத்துக்கு இந்தக் கோடைக்கு அதுதான் வேண்டும்.

மண் காய்ந்தால் பானைச் சுவர் வழியாகத் தண்ணீரை இழுக்கும், நனைந்தால் கசிவு தானே குறையும். திறந்து மூட ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பாதியில் உப்பு அடைத்துக்கொள்ளும் குழாயும் இல்லை. கர்னாலில் உள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையம் இதை ஆராய்ந்திருக்கிறது, கொஞ்சம் உப்பான தண்ணீருக்கும் இது ஒத்துவரும்.

பானை வாங்கும்போது ஏமாறாதீர்கள். வழுவழுப்பாக மெருகேற்றிய பானை உதவாது. தண்ணீர் ஊற்றி ஒருநாள் நிழலில் வையுங்கள், வெளிப்புறம் வேர்க்க வேண்டும். பதநீர் இறக்கின பழைய கலயம் ஊரில் சும்மா கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள், உள்ளே பூசிய சுண்ணாம்பு பானைச் சுவரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். குயவரிடம் நேரில் போய், மண்ணில் கொஞ்சம் உமி கலந்து சுடச் சொல்லுங்கள். கடையில் வாங்குவதைவிட அது மேல், அவருக்கும் பிழைப்பு. மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதையுங்கள். வெறும் மணலில் வைத்தால் பானையோடு மண் ஒட்டாது, அதனால் குளத்துக் கரம்பை மண்ணும் மட்கிய எருவும் கலந்து சுற்றிலும் இறுக்கிப் போடுங்கள். மூடி கட்டாயம், இல்லாவிட்டால் கொசு வளர்ப்பீர்கள். அப்புறம் தூரைச் சுற்றி ஒரு சாண் விட்டு, பனையோலை மூடாக்கு கனமாகப் போடுங்கள்.

யார் நிரப்புவது? உங்கள் சபைப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள் அல்லவா, பிடியரிசிக் காணிக்கை? அதே பழக்கம்தான். 80 குடும்பத்துக்கு 640 மரம், வீட்டுக்கு எட்டு. எட்டுப் பானைக்கு 40 லிட்டர், ஏறக்குறைய மூன்று குடம். புதன் சாயங்காலமும் ஞாயிறு ஆராதனை முடிந்தும் ஊற்றட்டும், கிணறு அதே நிலத்தில்தானே இருக்கிறது. முடியாத முதியவர் வீட்டுப் பானையை வாலிபர் சங்கம் நிரப்பட்டும். எத்தனையோ ஊரில் தண்ணீர்த் திட்டம் தோற்பது தண்ணீரில்லாமல் இல்லை, முறை வைத்து ஊற்ற ஆளில்லாமல்தான். உங்களிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, மணி இருக்கிறது, ஒருவரையொருவர் கேட்கிற உரிமை இருக்கிறது. என் கணக்கில் இது 500 அடி போரைவிடப் பெரிய முதல்.

பெரியவர்கள் உபவாச ஜெபம் வைக்கட்டும், நீங்களும் உட்காருங்கள். ஆனால் எலிசா தீர்க்கதரிசி, காற்றும் மழையும் காணாத பள்ளத்தாக்கில் முதலில் வாய்க்கால்களை வெட்டச் சொன்னான் என்பதையும் அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. நம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். அதில் பெரும்பகுதி கடலுக்குப் போனது. ஆவணிக்குள் சரிவுக்குக் குறுக்கே, ஒன்றரை அடி ஆழத்தில், வரிசைக்கு ஒரு குழி வாய்க்கால் வெட்டி, கடைசி வாய்க்காலைக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குழியில் கொண்டு சேருங்கள். கிணற்றுக்குள் நேராக விடாதீர்கள், வண்டல் ஏறிவிடும்.

தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். துளிர் ஒரு முழம் வந்த பிறகு எரு வைப்பது பற்றிச் சொல்கிறேன், அதுவரை யூரியா கிட்டே போக வேண்டாம்.